பழநி பாதயாத்திரையைப் படம் பிடிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்துவிட்டால் கேமரா வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வர ஆரம்பித்துவிடும். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர்களை எங்கே நின்று எடுப்பது, எப்போது எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

தைப்பூசத்தன்னிக்குக் காலையில பழநிக்குப் போனா போதுமா?

கூட்டத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் போதும். பாதயாத்திரையை எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்குப் போவது தாமதம். நடை என்பது பழநிக்கு வெளியே, சாலையில் நடக்கும் விஷயம். பூசத்துக்கு முந்தைய நான்கைந்து நாட்களில் திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் நடுவே உள்ள சாலையில் இரவு பகலாக ஆள் நடமாட்டம் ஓயாது. அந்த நாட்களில் வாருங்கள்.

திருவிழாவையும் சேர்த்து எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து நாள் விழா, பழநி ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேற்றத்துடன் தொடங்கும். ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் பூசத்தன்று தேரோட்டம், பத்தாம் நாள் தெப்பம். தேர் ஓடுவது ஊருக்குள் உள்ள ரத வீதிகளில். மலையடிவாரத்திலேயே காத்திருந்து தேரைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு.

எந்த ரோட்டுல நின்னா நல்லா இருக்கும்?

இதற்கு நான் வெளிச்சத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக மேற்கே நடக்கிறார்கள். காலைச் சூரியன் அவர்கள் முதுகில் இருக்கும். நீங்கள் முன்னால் போய்த் திரும்பி நின்றால் சூரியன் உங்களுக்கு எதிரே. தை மாதத்துப் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால், காவடியின் மயில்தோகை ஓரமெல்லாம் ஒளி பிடித்து ஆட்கள் நிழலுருவாகத் தெரிவார்கள். சாயங்காலம் நேர்மாறு. மஞ்சள் வெயில் நேராக முகத்தில் விழும். முகங்களை எடுக்க அதுதான் நேரம்.

பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியில் வருபவர்கள் கிழக்கு நோக்கி நடப்பதால் எல்லாம் தலைகீழ்: காலையில் முகத்தில் வெயில், மாலையில் முதுகில். தாராபுரம் பக்கத்திலிருந்து தெற்கே வருபவர்களுக்கு வெயில் பக்கவாட்டில் விழும். காவடியின் வளைவும் தோளில் அது அழுந்துவதும் பக்கவாட்டு வெயிலில்தான் நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு இடம் சொல் என்றால் ஒட்டன்சத்திரம் தாண்டி சத்திரப்பட்டி வரையுள்ள சாலையைச் சொல்வேன். இடப்பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வரும். நடப்பவர்கள் பல நாள் களைப்பில் இருந்தாலும், இதோ வந்துவிட்டோம் என்ற தெம்பு முகத்தில் ஏறத் தொடங்கும் இடம் அது.

நடந்துதான் எடுக்கணுமா? பைக்ல போய் அங்கங்க நின்னு எடுத்தா ஆகாதா?

ஆகும், படம் வரும். ஆனால் நின்ற இடத்தில் கடந்து போகிறவர்களை எடுத்தால் எல்லாரும் கடந்து போகிறவர்களாகவே இருப்பார்கள். ஒரு குழுவோடு அரை நாள் நடந்து பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் உங்கள் கேமராவைப் பார்ப்பார்கள். அப்புறம் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் இருப்பதையே மறந்து முட்டி வலியைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேச ஆரம்பிப்பார்கள். எடுக்க வேண்டிய படங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

பைக் இன்னொரு வகையிலும் தொல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், பல இடங்களில் இருட்டில், குழந்தைகளும் வயதானவர்களும் நடக்கும் பாதை அது. சில பகுதிகளில் தனி நடைபாதை இருக்கிறது, சில பகுதிகளில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே உள்ள மண் விளிம்புதான் பாதை. அதில் வண்டியை நிறுத்தினால் அவர்கள் சாலைக்குள் இறங்க வேண்டியிருக்கும். படத்துக்காக யாரையும் சாலைக்குள் இறங்க வைக்காதீர்கள். நீங்களும் பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நடக்காதீர்கள்.

நான் மாலை போடல, விரதமும் இல்ல. கூட நடக்க விடுவாங்களா? செருப்பு போட்டுக்கலாமா?

விடுவார்கள். குழுவை நடத்திப் போகும் குருசாமியிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள்: யார் நீங்கள், எதற்காக எடுக்கிறீர்கள், எது வரை வருவீர்கள். அவர் சரி என்றால் மற்றவர்களுக்கும் சரி. அசைவம், மது, புகை எதுவும் அந்த நாட்களில் உங்களிடம் இருக்கக் கூடாது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எதிர்பார்ப்பார்கள்.

சாலையில் செருப்போடு நடக்கலாம். வேல் வைத்த வண்டிக்கு அருகிலும், காவடிகளை இறக்கி வைத்திருக்கும் இடத்திலும், பூஜையிலும் கழற்றிவிடுங்கள். இறக்கி வைத்த காவடியைத் தொடவோ, தாண்டவோ, படத்துக்காக நகர்த்தி வைக்கச் சொல்லவோ கூடாது.

நான் பொண்ணு. தனியா கேமராவோட போகலாமா?

பகலில் தாராளமாக. பெண்கள் கூட்டம் கூட்டமாக நடக்கும் பாதை இது. இரவில் நடப்பதானால் பெண்கள் அதிகம் உள்ள குழு ஒன்றோடு சேர்ந்துகொள்ளுங்கள். பெண்கள் பகுதியில் ஆண் புகைப்படக்காரருக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கும். மண்டபத்துச் சமையல், கால் பிடித்துவிடும் பாட்டிகள், ஈரத்தலையோடு விடியலில் விளக்கேற்றுபவர்கள் ஆகியவை இதுவரை குறைவாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே போகக் கூடியவர்கள் அதை எடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

போன் போதுமா, கேமரா வாங்கணுமா?

பகலில் போன் போதும். போனில் இருக்கும் பிரதான லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் இரண்டடி முன்னால் போங்கள். கேமரா இருந்தால் 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. சாலையோரத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். லாரிப் புழுதியும் திருநீறும் பறந்துகொண்டே இருக்கும், இரண்டும் சென்சாரில் போய் உட்காரும்.

பெரிய டெலி லென்ஸை வீட்டில் வைத்துவிடலாம். எடை ஒரு காரணம். தூரத்திலிருந்து ஒருவர் அறியாமல் அவர் முகத்தை இழுத்து எடுப்பதை இந்த யாத்திரையில் நான் விரும்புவதில்லை என்பது இன்னொரு காரணம். பவர் பேங்க், உபரி மெமரி கார்டு, மழைக்கில்லாவிட்டாலும் பனிக்கும் பன்னீருக்குமாக ஒரு பிளாஸ்டிக் உறை. இவ்வளவு போதும்.

விடியக்காலை நாலு மணிக்கு எடுத்தா எல்லாமே கலங்கலா வருது. என்ன பண்றது?

வெயிலுக்கு அஞ்சி பெரும்பாலோர் அதிகாலையிலும் சாயங்காலத்துக்குப் பிறகும்தான் நடக்கிறார்கள். அதனால் இருட்டில் எடுக்கக் கற்றுக்கொள்ளாமல் முடியாது. நடக்கிறவரை அசையாமல் பிடிக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/125 நொடி வேண்டும். அதற்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் போராடாதீர்கள். வெளிச்சம் இருக்கும் இடத்தில் நின்று அவர்கள் வரக் காத்திருங்கள்: டீக்கடை, பெட்ரோல் பங்க், அன்னதானப் பந்தல், சூடம் ஏற்றும் பிள்ளையார் கோயில் வாசல்.

சூடம் எரியும்போது கேமரா சுடரைப் பார்த்து ஏமாறும், அல்லது சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து ஏமாறும். கேமரா வெளிச்சத்தை அளக்கும் புள்ளியைச் சுடர் வெளிச்சம் பட்ட கன்னத்தில் வையுங்கள். போனில் அந்த முகத்தைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் அதே பலன். சுடரின் செம்மஞ்சள் நிறத்தை வெள்ளையாக்கத் திருத்தாதீர்கள்.

பிளாஷ் போட்டா முதுகுல ஒட்டின ஸ்டிக்கர் மட்டும் பளீர்னு வெள்ளையா வருது. ஏன்?

வண்டிகள் மோதாமல் இருக்க நடப்பவர்களின் பையிலும் கைத்தடியிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அது வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். லாரியின் விளக்கிலிருந்து போனது ஓட்டுநர் கண்ணுக்கே திரும்புவதுதான் அதன் வேலை. பிளாஷ் உங்கள் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் மொத்த வெளிச்சமும் லென்ஸுக்குள் வந்துவிடுகிறது. கேமரா அதைக் கண்டு மிரண்டு மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடுகிறது.

பிளாஷைக் கழற்றிக் கைநீட்டும் தூரத்தில் பிடித்தாலே ஸ்டிக்கரின் கண்கூச்சம் அடங்கிவிடும். ஆனால் என் யோசனை, சாலையில் பிளாஷே வேண்டாம் என்பதுதான். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று அடித்தால் நடப்பவருக்குச் சில நொடி பாதை தெரியாது. எதிரே வரும் ஓட்டுநருக்கும் அதே கதிதான். மேலே சொன்ன மாதிரி வெளிச்சம் உள்ள இடத்தில் காத்திருப்பது நல்லது.

பந்தல்ல எடுத்த படத்துல கோடு கோடா விழுது, கேமரா ரிப்பேரா?

இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் ட்யூப் லைட்டும் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், போய்விடும்.

கேக்காம எடுக்கலாமா? கேட்டா எல்லாரும் நின்னு போஸ் குடுத்துடறாங்களே!

கொடுக்கட்டும். அதையும் மனதார எடுங்கள். வேண்டுதலோடு பல நாள் நடந்து வந்தவர், காவடியோடு நிமிர்ந்து நின்று பார்க்கும் பார்வை குறைவான படம் ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டுக் கூடவே நடங்கள். பத்து நிமிடத்தில் அவர் நடைக்குத் திரும்பிவிடுவார், நீங்கள் தேடும் படமும் கிடைக்கும்.

தூரத்துக் கூட்டத்தை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் முகம் படத்தை நிறைக்கிறது என்றால், முன்போ பின்போ, ஒரு தலையசைப்பாவது வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்று கை காட்டினால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பெண் குழந்தைகள், சிறு பிள்ளைகள் என்றால் உடன் வரும் பெரியவர்களிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சாமி வந்து ஆடுறவங்க, அலகு குத்தினவங்களை எடுக்கலாமா?

அருள் வந்த நிலையில் இருப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது. அவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் உறவினர்தான் அந்த நேரத்தில் அவருக்குக் காவல். அவர் முகத்தைப் பாருங்கள், அனுமதி அங்கே தெரிந்துவிடும். சேலை விலகியிருந்தாலோ, நினைவு தப்பி விழுந்தாலோ கேமராவை இறக்கிவிடுங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால் நீங்களே போய்ப் பிடியுங்கள்.

அலகு குத்துவதை நேர்த்திக்கடன் செலுத்துபவரின் குடும்பம் பெரும்பாலும் படமெடுக்கச் சொல்லும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வேலின் முனையை மட்டும் நெருக்கமாக எடுத்து, பார்ப்பவரை முகம் சுளிக்க வைக்கும் படமாக அதை ஆக்காதீர்கள். கண்ணையும், பின்னால் அரோகரா சொல்லும் வாய்களையும், தோள் பற்றிய கையையும் சேர்த்து எடுத்தால்தான் அது வேண்டுதல். தனியாக எடுத்தால் வெறும் காயம்.

சண்முகநதியில குளிக்கிறது ரொம்ப அழகா இருக்கு. அதை எடுக்கலாமா?

நதியில் நீராடிவிட்டு மலைக்குப் போவது வழக்கம், அதனால் பூச நாட்களில் கரை முழுக்க ஆட்கள். கரையில் காவடிகள் வரிசையாக நிற்பதையும், ஈர வேட்டி பிழிவதையும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசுவதையும் எடுங்கள். குளிக்கும் பெண்களையும் உடை மாற்றுபவர்களையும் எடுக்காதீர்கள். பொது இடம்தானே என்று வாதாடுபவர்கள் உண்டு. உடை மாற்றும் பெண்ணைத் தெரியாமல் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

மண்டபத் தரையில் வரிசையாகத் தூங்குபவர்களுக்கும் இதே அக்கறை வேண்டும். கால்களின் வரிசையை எடுக்கலாம். வாய் பிளந்து தூங்கும் முகம் வேண்டாம்.

நான் எடுத்த எல்லாப் படமும் ஏற்கனவே பார்த்த மாதிரியே இருக்கு. வேற என்னதான் எடுக்கறது?

காவடி, கூட்டம், சூரிய உதயம் மூன்றையும் முதல் நாளே எடுத்து முடித்துவிடுங்கள். அப்புறம் கீழே பாருங்கள். மதிய வெயிலில் தார் கொதிக்கும்போது வெறுங்காலோடு நடப்பவர்கள் சாலையோர வெள்ளைக்கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். பெயின்ட் அடித்த இடத்தில் சூடு குறைவு. சிலர் காலுறை மட்டும் மாட்டியிருப்பார்கள். அடிப்பாகம் தேய்ந்து, கட்டைவிரல் வெளியே வந்து, அந்த விரலைச் சுற்றிப் பழைய துண்டுக் கிழிசல் கட்டியிருக்கும். எத்தனை மைல் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை, அந்தக் காலுறை சொல்லிவிடும்.

வழியோரத்துக் கைகளையும் எடுங்கள். தைலம் தேய்ப்பவர், மோர் ஊற்றுபவர், நள்ளிரவில் சுக்குக் காப்பிப் பாத்திரத்தோடு நிற்கும் கிராமத்துப் பெண்கள். நடக்க முடியாதவர்கள் நடக்கிறவர்களுக்குச் செய்து புண்ணியம் தேடிக்கொள்வதால்தான் இந்த யாத்திரையே நடக்கிறது, ஆனால் படங்களில் அவர்கள் அதிகம் இருப்பதில்லை.

பூசம் முடிந்ததும் கிளம்பிவிடவும் வேண்டாம். குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்து வரும் நகரத்தார், காவடி செலுத்தியபின் நடந்தே ஊர் திரும்புவார்கள். எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலச் சமூகத்தாரின் காவடிக் குழுவினர் பூசம் கழிந்துதான் வந்து சேர்வார்கள். ஓர் இரவு மலைமேல் தங்கும் உரிமை வழிவழியாக அவர்களுக்கு உண்டு. கேமராக்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகும் யாத்திரை ஓய்வதில்லை.

படத்துக்குக் கீழ என்ன எழுதறது? எல்லாத்தையும் "பக்தர்கள்"னு போட்டா போதாதா?

போதாது. மயில் காவடியா, பால் காவடியா, நகரத்தாரின் சர்க்கரைக் காவடியா, தீர்த்தக் காவடியா என்று கேட்டு எழுதுங்கள். கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருவது பங்குனி உத்திரத்தில்தான் பெருவாரி. அந்தப் படத்தைத் தைப்பூசத்தில் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊர்க் குழு என்பதைக் கூட வரும் வண்டியில் கட்டியிருக்கும் பேனரே சொல்லும், எத்தனையாவது ஆண்டு என்பது உட்பட. அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் குறிப்பேடு மிச்சம்.

மலைக்கு மேல எடுக்க முடியுமா? மறைச்சு எடுத்துட்டுப் போறாங்களாமே?

முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பழநி மலைக்கோயிலுக்குள் கைபேசியும் கேமராவும் கொண்டு போகத் தடை. அடிவாரத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளலாம். பூச நாளில் அந்த வரிசையும் நீளும், அதனால் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு ஏறுவது உத்தமம்.

மறைத்து எடுத்துப் போவதைப் பற்றி: செய்யாதீர்கள். தண்டாயுதபாணி மூலவரைப் படம் எடுப்பது தடைக்கு முன்பும் கூடாதுதான். இத்தனை நாள் கூட நடந்த மனிதர்கள் எதற்காக நடந்தார்களோ அந்தத் தரிசனத்தை, கண்ணால் மட்டும் பார்க்க உங்களுக்கும் ஒரு வாய்ப்பு. அதை விடாதீர்கள். கீழே, மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியிலும் பாதவிநாயகர் கோயில் பக்கத்திலும் எடுக்க வேண்டியது ஏராளமாக இருக்கிறது.

ட்ரோன்? 250 கிராமுக்குக் கீழன்னா லைசென்ஸ் வேண்டாமே?

2021 ட்ரோன் விதிகளின்படி அந்த எடை வரை ஓட்டுநர் உரிமம் வேண்டாம் என்பது சரி. எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. திருவிழாக் காலத்தில் காவல்துறை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. அவர்களிடம் எழுத்தில் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். அனுமதி இருந்தாலும் ஆட்களின் தலைக்கு நேர்மேலே வேண்டாம். வயல் பக்கமாக ஒதுங்கியே பறக்கட்டும். காவடி தூக்கியவரால் தலை நிமிர்ந்து பார்த்து விலக முடியாது.

படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா? விற்கலாமா?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. யாராவது பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது அவர்களுடையது. குழுவினர் சாப்பாடு போட்டதை வைத்து உரிமை மாறிவிடாது.

போட்டி, பத்திரிகை, கண்காட்சி சரி. விளம்பரத்துக்கு விற்பதானால் படத்தில் இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தைலம், செருப்பு, சோடா எதற்கோ தன் முகம் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் நடந்தது முருகனுக்காக.

எல்லாரும் "தம்பி, எனக்கு அனுப்பு"ங்கறாங்க. அத்தனை பேருக்கும் எப்படி அனுப்பறது?

அனுப்பியே ஆக வேண்டும், அதனால் அன்றைக்கே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் எண் வாங்குவதற்குப் பதில், குழுவில் போன் கையாளத் தெரிந்த ஓர் இளைஞரின் எண்ணை வாங்கி அவர் வழியாக அனுப்புங்கள். பெரும்பாலான குழுக்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கும். வீடு திரும்பிய பதினைந்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போனால் நின்றுவிடும்.

வயதானவர்களுக்குக் காகிதத்தில் அச்சுப் போட்டுக் கொடுங்கள். சாதாரண அஞ்சலட்டை அளவு போதும், செலவு அதிகமில்லை. குருசாமி பெயருக்கு ஒரே உறையில் போட்டு அனுப்பினால் அவர் பிரித்துக் கொடுத்துவிடுவார். எந்தப் படம் யாருக்கு என்று பின்பக்கம் பென்சிலில் எழுதிவிடுங்கள். பேனா மை அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும்.